ஏரிக்குப் போன படக்கதைகள்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் படக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் அடுத்த தெருக்காரர்களே விழிப்பார்கள். கோயில் அச்சகம் மாதா மாதம் போடுகிற நீரம்மா படக்கதையை முதல் இதழிலிருந்து வரைந்தவர் அவர்தான். நீரம்மா எங்கள் ஏரியின் சாமி. கோயில் கரையில் இருக்கிறது. ஆனால் அவள் குடியிருப்பது தண்ணீருக்குள் என்பது இங்கே பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவின் பிரசவத்துக்கு உதவியாக நான் அந்த வீட்டுக்குப் போனேன். குழந்தை தங்கவில்லை. நான் தங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தை அதற்கு முன்பே விட்டிருந்தேன், திரும்பிப் போகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. சமையலறை டப்பாக்களில் உப்பு, சர்க்கரை என்று நான் எழுதி ஒட்டியிருந்ததை அத்தான் ஒரு நாள் நின்று பார்த்தார். "எழுத்து உருண்டையா, ஆடாம நிக்குதே. நீரம்மா பேசுறதை நீ எழுதும்மா" என்றார். அதிலிருந்து கட்டங்களுக்குள் பேச்சுக் குமிழ்களை எழுதுவது என் வேலை. வெளியில் நாலு வார்த்தை பேச நாக்கு வராத எனக்கு, சாமிக்காகப் பேசுவது சுலபமாக இருந்தது.

அத்தான் முதலில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். மீன்கடைக் கதவில் அவர் வரைந்த மீனைப் பார்த்துவிட்டுத்தான் அச்சக மேனேஜர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த மீனைப் பூனை சுரண்டியதாக ஒரு பேச்சு உண்டு. அக்கா அதை நம்பமாட்டாள். "பூனைக்கு நகம் அரிச்சிருக்கும்" என்பாள்.

முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவருடைய மேசை. அதன் மேல் டீ டம்ளர் வைக்க அனுமதியில்லை. நீலப் பென்சிலில் லேசாகப் போட்டு, மேலே மைக்கோடு இழுத்து, படத்தில் வரும் துணிக்கும் தண்ணீருக்கும் தூரிகை எடுப்பார். கடைசியில் கண். பக்கம் முழுவதும் முடிந்த பிறகு எழுந்து போய் முகம் கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்து நீரம்மாவுக்குக் கண் வைப்பார். அப்போது வீட்டில் தண்ணீர்க்குழாய் திறக்கக்கூட எங்களுக்குப் பயமாக இருக்கும்.

"என் மூஞ்சிய இப்படி ஒரு நாள் உத்துப் பாத்திருப்பாரா, கேளுடி" என்பாள் அக்கா.

"உனக்குக் கண்ணை ஏற்கெனவே வச்சு அனுப்பிட்டாங்க. எனக்கு அங்க என்ன வேலை" என்பார் அவர், தலை நிமிராமல்.

கண் வைக்கும்வரை அது வெறும் கோடு. எத்தனை முறையும் அழிக்கலாம், கிழிக்கலாம், அடுப்பில் வைக்கலாம். கண் வைத்துவிட்டால் சாமி வந்துவிட்டாள். அதன்பிறகு மை சிந்திப் பக்கம் கெட்டுப்போனாலும் அத்தான் அதைக் கிழிக்கமாட்டார், குப்பையில் போடமாட்டார். காலையில் ஏரிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் மெதுவாக விட்டுவிட்டு வருவார். வரைகிற தாள் நல்ல கனமான தாள். ஊறி, குழைந்து, மாவாகிக் கரைந்துவிடும். கரையில் துணி துவைக்கிறவர்கள், நடக்கிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

படக்கதையால் ஏரிக்கு நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேற்குக் கரையில் லாரி லாரியாக இடிமண் கொண்டுவந்து கொட்டி ஏரியைத் தூர்த்துக்கொண்டிருந்த சமயத்தில், அத்தான் ஒரு கதை போட்டார். நீரம்மா மார்பளவு தண்ணீரிலிருந்து எழுந்து, கையில் அந்த மண்ணையே ஏந்திக்கொண்டு, "என் மடியில் ஏன் கொட்டுகிறாய்?" என்று கேட்கிற படம். முழுப் பக்கம். அந்த மாதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லாரிக்கு முன்னால் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாமி படத்தின் மேல் எப்படி வண்டி ஏற்றுவது? லாரிக்காரர் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு கரையில் மரக்கன்று வைத்தார்கள், சாக்கடை வாயை அடைத்தார்கள். கலெக்டரிடம் போன மனு எல்லாம் செய்யாததை ஒரு பக்கம் செய்தது என்று ஊரே சொன்னது. அத்தான் அப்போது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. சந்தோஷம் அவருக்கு வயிற்றைக் கட்டிவிடும்.

விற்பனை கூடியது. வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். பிள்ளைகள் கையில் சாமி முகம் கசங்குகிறது, எச்சில் பட்டுக் கிழிகிறது என்று பெரியவர்கள் கோயிலில் வந்து குறைப்பட்டார்கள். மேனேஜர் அதற்கு வழி கண்டுபிடித்தார். அட்டைக்கும் உள்பக்கங்களுக்கும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, துடைத்தால் போதும். புத்தகம் கண்ணாடிபோல மின்னியது. எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

வீடுகளில் பழைய புத்தகங்கள் சேர்ந்தன. மாதம் ஒன்று என்றால் சேராமல் என்ன செய்யும். அதை எடைக்குப் போட முடியாது, பொட்டலம் மடிக்க முடியாது, அடுப்பில் வைக்க முடியாது. காலடியில் கிடந்தால் குற்றம். பரண் நிறைந்தது, கட்டிலடி நிறைந்தது. பிறகு யாரோ, படக்காரர் செய்வதைப்போல, ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். அவளுடைய படம் அவளிடமே போய்ச் சேரட்டும் என்று. யார் முதலில் என்று தெரியாது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாரா வாரம் ஒரு கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டு வரும்போது அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருக்கும்.

ஒரு நாள் காலை மீன்காரர் எங்கள் வாசலில் வலையோடு வந்து நின்றார். ஏரியில் படகு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

"படக்காரரே, வெளிய வாங்க. இன்னிக்கு நல்ல மீன்பாடு. எல்லாம் ஒரே மீனு. செதில் மட்டும் கொஞ்சம் பளபளன்னு இருக்கு" என்றார்.

வலையை வாசற்படியில் போட்டு விரித்தார். சேறும் நாற்றமுமாக ஒரு குவியல். காகிதம் ஊறிக் கூழாகிப் போயிருந்தது. ஆனால் பூச்சு போகவில்லை. பாம்பு சட்டை உரித்ததுபோல மெல்லிய தோல் தோலாக அது வலைக்கண்களில் சுற்றிக்கிடந்தது. மை அந்தத் தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் நீரம்மாவின் முகம் அப்படியே இருந்தது. கண்கள் திறந்தபடி.

மீன்காரர் கூடையிலிருந்து வயிறு ஊதிய மீன் ஒன்றை எடுத்து, கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே நீலச் சுருள். அந்த நீலம் நீரம்மாவின் உடைக்காக அத்தானே கலந்து கலந்து பார்த்துக் கண்டுபிடித்த நீலம். வேறு எதிலும் வராது.

"அடியில இதே மாதிரி மெத்தை போட்டுக் கெடக்கு. நடு ஏரியில ஊத்துக்கண்ணு மூடிக்கிச்சு. தண்ணி கறுத்து வருது. இன்னும் ஒரு கோடை தாங்காதுங்க இந்த ஏரி. நான் படிக்காதவன், சொல்லிட்டேன்" என்றார் மீன்காரர்.

அத்தான் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு முகத்தை எடுத்துச் சேற்றைத் துடைத்தார். அடுத்ததைத் துடைத்தார். எல்லாவற்றையும் துடைத்து முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. போட்டதெல்லாம் ஏரியிலிருந்து வெளியே வர வேண்டும், இனி ஒன்றும் உள்ளே போகக் கூடாது.

மேனேஜரைப் பார்க்கப் போனார். துடைத்த தோல்களைப் பையில் போட்டு நான் தூக்கிக்கொண்டு போனேன். மேனேஜர் நல்லவர். அவர் மேசையில் எப்போதும் பழைய இதழ்கள் ஒரே நேராக அடுக்கியிருக்கும்.

"பூச்சை நிறுத்திடலாம் சார். பழைய தாளுக்கே போயிடலாம்."

"சாமி முகம் கிழியலாங்கிறீங்களா?"

"கிழிஞ்சா ஒட்டிக்கலாம். ஏரியில போட வேணாம்னு அடுத்த இதழ்ல போடுங்க."

"போடலாம். வேற எங்க போடுறதுன்னு கேப்பாங்களே. குப்பையில போடுங்கன்னு எழுதட்டுமா? எழுதி உங்க பேரைப் போடட்டுமா?"

அத்தான் என் கையிலிருந்த பையை வாங்கி மேசைமேல் வைத்தார். கடைசியில் மேனேஜரே ஒரு துண்டு நோட்டீஸ் அடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். சாமியே சொன்னால்தான் கேட்பார்கள் என்று, நீரம்மா உள்ளங்கையைக் காட்டித் தடுக்கிற படம் வரையச் சொன்னார். குமிழுக்குள், "என் படத்தை ஏரியில் போடாதீர்கள்" என்று நான் எழுதினேன். இரண்டு நாளில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

அடுத்த வாரம் அந்த நோட்டீஸ்கள் ஏரிக்கரையோரம் மிதந்தன. ஒவ்வொன்றும் நான்காக, பக்தியோடு மடிக்கப்பட்டிருந்தது.

அத்தான் ஒரு கைப்பிடி நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஓடினார். மேனேஜர் அதை விரித்துப் படித்தார், மறுபடி மடித்தார். "வேற என்னய்யா பண்ணுவாங்க? அதுலயும் சாமி இருக்கே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கே எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

பூசாரியிடம் போனோம். அவர் கோயில் பின்கட்டில் விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தான் வெளிப்படையாகவே கேட்டார். அச்சுத் தாள் வெறும் தாள்தான், அதை எடைக்குப் போடலாம் என்று ஒரு வார்த்தை, கூட்டம் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

பூசாரி தேய்ப்பதை நிறுத்தினார். "நீ சொல்றது சரிதான்ப்பா. ஏரி அழுகுறது எனக்கும் தெரியுது. கர்ப்பக்கிரகத்துக்குள்ளயே நாத்தம் வருது. ஆனா காகிதத்துல அவ இல்லைன்னு இன்னிக்கு நான் சொன்னா, கல்லுல மட்டும் இருக்காளான்னு நாளைக்குக் கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை."

"ஏரி செத்துடுச்சுன்னா அவ எங்க இருப்பா சாமி?"

"அதுக்கும் என்கிட்ட பதில் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

அத்தான் அந்த மாதம் ஒரு கதை வரைந்தார். அவர் வரைந்ததிலேயே அதுதான் எனக்குப் பிடித்த கதை. நீரம்மா ஏரியை விட்டுப் போகிறாள். எல்லாக் கட்டங்களிலும் பின்புறம் மட்டும்தான். ஈரக் கூந்தல், முதுகு, குதிகால், பின்னால் சொட்டுகிற தண்ணீர். முகமே இல்லை. முகம் இல்லாவிட்டால் வெறும் தாள், எடைக்குப் போடலாம் என்பது அவர் கணக்கு. குமிழும் இல்லை. எனக்கு அந்த மாதம் வேலையில்லை.

புத்தகம் வந்தபோது அட்டையைப் பார்த்து அக்கா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் இல்லாத சாமியை யார் வாங்குவார்கள் என்று, அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவரை விட்டு, பழைய இதழிலிருந்து ஒரு முகத்தை எடுத்து ஒட்டியிருந்தார்கள். உடம்பு அந்தப் பக்கம் போகிறது, முகம் இந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறது. கழுத்தைத் திருகிவைத்த மாதிரி. சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதார்களாம். பயந்த பிள்ளைகள் வீட்டில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. அது மற்றவற்றைவிட வேகமாக ஏரிக்குப் போனது.

அதன்பிறகு அத்தான் யாரிடமும் கேட்கவில்லை. நீளமான கம்பில் இரும்புக் கொக்கி கட்டிக்கொண்டு, தினமும் விடிந்ததும் கரையில் இறங்கி எட்டுகிற வரைக்கும் வாரினார். அவருக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுக்கு மேல் போகமாட்டார். வாரியதைக் கரையில் போட முடியாது, யாராவது மிதித்துவிடுவார்கள் என்று சண்டை வரும். அதனால் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். முதலில் கொடிகட்டித் தோல்களைக் காயப்போட்டோம். பிறகு நாற்காலி முதுகில், ஜன்னல் கம்பியில், கட்டில் சட்டத்தில். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் ஈரம் ஏறிக் கறுப்பாகப் பூத்தது. சோற்றில் அந்த நாற்றம் வந்தது. அக்காவுக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்கும். இப்போது மாடிப்படி ஏறினதுபோல உட்கார்ந்த இடத்திலேயே இழுத்தது.

"ஏங்க, நான் படுக்க ஒரு இடம் சொல்லுங்க" என்றாள் ஒரு நாள்.

அவர் சுற்றிப் பார்த்தார். உண்மையிலேயே இடம் இல்லை.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

"கொஞ்ச நாள்ல என்ன ஆகும்? நீங்க ஒண்ணு எடுக்குறதுக்குள்ள அவங்க பத்து போடுறாங்க. நான் ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"நிறுத்தச் சொல்றியா?"

அக்கா வெகுநேரம் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். "நிறுத்துனா நீங்க செத்துடுவீங்க. நிறுத்தலைன்னா நான். யாருன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அத்தான் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பழைய பேப்பர்க்காரரிடம் போனார். பழைய பேப்பர்க்காரர் வந்து வாசலில் நின்றபடியே பார்த்தார். பிளாஸ்டிக்கை உருக்கும் இடத்துக்கு அவர் அனுப்புவது வழக்கம். ஆனால் உள்ளே வரமாட்டேன் என்றார்.

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு படக்காரரே. இந்த முகத்தை உலையில போட நான் ஆளில்லை."

"முகம் இல்லைன்னா?"

"முகம் இல்லைன்னா என்ன, நீலமும் பச்சையுமா வெறும் தாள். வண்டியோட வந்து அள்ளிட்டுப் போறேன். முகத்தை நீங்க எடுத்துக் குடுங்க."

அத்தான் கறுப்பு மையும் தூரிகையும் எடுத்து உட்கார்ந்தார். பூச்சின் மேல் மை நிற்கவில்லை, முத்து முத்தாக உருண்டு ஓடியது. அவள் முகம் கறுப்பு வியர்வை வியர்த்ததுபோல இருந்தது. அவர் தூரிகையை வைத்துவிட்டு, பென்சில் சீவுகிற பிளேடை எடுத்தார். சுரண்டினால் வந்தது. நெற்றி, கன்னம், உதடு எல்லாம் தூளாக உதிர்ந்தது. கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் துணிவு வரவில்லை.

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவர் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"மத்ததை நீங்க எடுங்க. கண்ணை நான் பாத்துக்கிறேன்" என்று பிளேடை வாங்கிக்கொண்டாள்.

அப்படித்தான் செய்தோம். அவர் முகத்தைச் சுரண்டி அக்காவிடம் தள்ளுவார். அவள் கண்ணைச் சுரண்டி என்னிடம் தள்ளுவாள். நான் அடுக்கிக் கட்டுவேன். அக்கா ஒரு முறை மட்டும், "இவளுக்கு இமை கொஞ்சம் கனம்" என்றாள், காய் நறுக்கும்போது சொல்வதுபோல. அத்தான் "ம்" என்றார்.

பழைய பேப்பர்க்காரர் சொன்னபடி வந்து ஒரு வண்டி அள்ளிக்கொண்டு போனார். முன்னறையில் தரை தெரிந்தது. அக்கா அங்கே பாயை விரித்துப் படுத்தாள். மீன்காரர் கரைப்பக்கத்துத் தண்ணீர் ஒரு சாண் தெளிந்திருக்கிறது என்றார். அத்தானுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அந்தப் பழைய லாரிக் காலத்தைப்போல. இப்படியே போனால் கோடைக்குள் ஊற்று வரை போய்விடலாம் என்று கணக்குப் போட்டார்.

ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும். காற்றில்லாமல் அக்காவால் இருக்க முடியாது என்று திறந்தே வைத்திருந்தோம். தையல்காரம்மா எதிர்வீட்டிலிருந்து பார்த்திருக்கிறார். அவர் கத்தவில்லை. தெருவைக் கடந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் கையிலிருந்த பிளேடையும் அதன் கீழே இருந்ததையும் பார்த்தார்.

"ஏம்மா, அவ கண்ணையா?" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

ஊர் எங்களை அடிக்க வரவில்லை. வந்திருந்தால் அத்தான் நாலு வார்த்தை பேசியிருப்பார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் அவரால் யாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. கடையில் பொருளை அக்காவின் கையில் தராமல் பலகையில் வைத்தார்கள். மேனேஜர் ஆள் அனுப்பி, வரைவதற்கு வேறு கை பார்த்துவிட்டதாகச் சொன்னார். வந்த ஆள் மேசைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, எங்களைப் பார்க்காமல் போனார். அத்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லதுதான். ஏரியில வார்றதுக்கு நேரம் கிடைக்கும்" என்றார்.

சில நாள் ஏரியோரம் புதிதாக ஒன்றும் விழவில்லை. கொக்கி போட்டால் பழையதுதான் வந்தது. நிறுத்திவிட்டார்கள் என்று அத்தான் நினைத்தார். வாய் திறந்து அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சீட்டியடித்தார்.

பிறகு ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் கரைக்குப் போனோம். நடக்க முடிகிறதே என்று அக்காவும் வந்தாள். படகுத்துறையில் கூட்டமாக இருந்தது. எல்லோர் கையிலும் மூட்டை. புதுத் துணியில் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கல்லைச் சேர்த்து முடிந்திருந்தார்கள். மீன்காரரின் படகில் ஆள்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தான் கொக்கியைப் போட்டுவிட்டு ஓடினார். "எங்க போறீங்க?" என்று மீன்காரரைக் கேட்டார்.

மீன்காரர் துடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நடு ஏரிக்கு."

"நடு ஏரியிலயா? ஊத்து அங்கதானே இருக்கு. நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். மீனு இல்லை படக்காரரே. படகு சும்மா கெடக்கு. எனக்கும் வயிறு இருக்கு."

"கரையோரமாப் போடச் சொல்லுங்க. நான் எடுத்துக்கிறேன்."

"நீங்க எடுத்துருவீங்கன்னுதான் அங்க போறாங்க" என்றார் மீன்காரர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க கை எட்டாத எடத்துல விடணுமாம். கல்லு கட்டினது அதுக்குத்தான். உங்ககிட்ட இருந்து சாமியக் காப்பாத்துறாங்க. நான் என்னத்தைச் சொல்ல."

படகின் முனையில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மூட்டை. அதன் முடிச்சு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது, தையல்காரக் கை. அத்தான் தண்ணீரில் இறங்கிப் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதை எங்கிட்டக் குடுங்கம்மா. நான் தொடமாட்டேன். முகத்தைத் தொடமாட்டேன், வீட்ல வச்சுக்கிறேன். எங்க வீட்ல எடம் இருக்கு."

தையல்காரம்மா மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நோயாளியைப் பார்ப்பதுபோலத்தான் அத்தானைப் பார்த்தார். "நல்லா வரைஞ்சீங்க தம்பி. உங்களாலதான் என் பிள்ளைங்க சாமி கும்பிடக் கத்துக்கிச்சுங்க. போதும், விட்டுடுங்க" என்றார்.

மீன்காரர் துடுப்பால் கரையை உந்தினார். அத்தான் விளிம்பை விடாமல் கூடவே நடந்தார். இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. அக்கா கரையிலிருந்து "ஏங்க" என்றாள். மூச்சு போதாமல் அது பாதியில் நின்றது. நான் தண்ணீரில் இறங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் படகு அவர் விரலிலிருந்து நழுவிவிட்டது.

கழுத்தளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நடு ஏரியில் படகு நின்றது. அவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிடுவது இங்கிருந்தே தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கல் கட்டியிருந்ததால் ஒன்றுகூட மிதக்கவில்லை. அத்தான் ஒவ்வொரு முறையும் தலையை லேசாக ஆட்டினார், ஏதோ பாடம் ஒப்பிப்பதைக் கேட்கிறவர்போல. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் வருகிற மாதிரி இல்லை.

படகு திரும்பி வந்தது. அடுத்த ஆள்கள் மூட்டையோடு துறையில் காத்திருந்தார்கள். மீன்காரர் எங்களைப் பார்த்ததும் துடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, எங்கள் மேல் படாமல் சுற்றிக்கொண்டு துறைக்குப் போனார்.